குரங்கு இல்லைன்னா

தென்காசிப் பக்கம் கம்ப்யூட்டர் என்று வாயைத் திறந்தாலே, கேட்கிறவர் மனசு மத்தளம்பாறைக்குப் போய்விடும். 2011-ல் ஸோகோ கம்பெனி தென்காசியில் சின்னதாக ஓர் அலுவலகம் போட்டபோது, ஏதோ இன்னொரு பிரவுசிங் சென்டர் என்று நினைத்தவர்கள் உண்டு. 2019 வாக்கில் முதலாளி ஸ்ரீதர் வேம்புவே மத்தளம்பாறையில் குடியேறி, வேட்டியைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போக ஆரம்பித்த பிறகு ஊர்க் கணக்கு மாறிவிட்டது. இந்த வேலைக்கு சென்னை வேண்டாம், பேன்ட்டும் வேண்டாம் என்று தெரிந்துவிட்டதே.

அதனால், ஊர் சமுதாயக் கூடத்தில் இரண்டாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றதும், முதல் ஆளாக ஓர் ஆச்சி பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"யய்யா, படிச்சு முடிச்சதும் சோகோவுல சேத்து விட்டுருவியளா?"

பையன் இரண்டாம் வகுப்பு. முன்பல் இரண்டையும் காணோம். "இன்னும் பல்லே முளைக்கலையே ஆச்சி" என்றேன்.

"பல்லு தன்னால முளைக்கும். வேலை முளைக்குமா?"

சேர்த்துக்கொண்டேன்.

எங்களிடம் இருந்தவை மூன்று லேப்டாப்புகள். 2011-லிருந்து பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. எங்கள் பக்கம் இன்றைக்கும் அதற்குப் பெயர் 'அம்மா லேப்டாப்'தான். அதை வாங்கிய அக்காமார் படித்து, கல்யாணம் முடித்துப் போய்விட, பீரோ மேலே தூங்கிக்கொண்டிருந்தவை. வயசுக்கேற்ப பேட்டரி படுத்துவிட்டதால், ஒயரைப் பிடுங்கினால் அடுத்த நொடி இருட்டு.

பிள்ளைகள் முதலில் செய்த காரியம், திரையை விரலால் தேய்த்தது. பிறந்ததிலிருந்து போனைத் தடவி வளர்ந்த விரல்கள். "சார், டச்சு வேலை செய்யல, கடையில குடுங்க" என்றான் ஒருவன். மவுஸைக் கையில் கொடுத்தால், ஒரு பாப்பா அதைத் தூக்கி, திரையில் தனக்கு வேண்டிய படத்தின் மேலேயே வைத்து அமுக்கினாள். யோசித்துப் பார்த்தால் அவள் செய்ததுதான் முறை. மேசையில் எலியை ஓட்டினால் திரையில் அம்பு ஓடும் என்பதுதான் விசித்திரம்.

இப்படி மவுஸ் பிடிக்கப் பழகுவதற்குள் சாரல் சீசன் வந்துவிட்டது. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று புறப்பட்டு வரும். சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலையைச் சுற்றிக் கரண்ட் எடுக்கிற அதே காற்று, எங்கள் தெருவில் முருங்கைக் கொம்பை ஒடித்து ஒயர் மேலே போட்டுக் கரண்டை எடுத்துவிடும். கரண்ட் இல்லையென்றால் லேப்டாப் இல்லை. பிள்ளைகள் மட்டும் தவறாமல் வந்துவிடுவார்கள், நனைந்துகொண்டு.

நியூசிலாந்தில் டிம் பெல் என்று ஒரு பேராசிரியர். 1990-களின் தொடக்கத்திலேயே, கம்ப்யூட்டரே இல்லாமல் அட்டையும் கயிறும் வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குக் கணினி அறிவியல் சொல்லிக்கொடுக்கலாம் என்று கூட்டாளிகளோடு சேர்ந்து பாடமே எழுதிவைத்தவர். அவர் கொள்கைக்காகச் செய்தார். எங்களுக்கு அதை மின்வாரியக் கம்பம் செய்துகொடுத்தது.

"இன்னைக்கு நான்தான் கம்ப்யூட்டர். சொன்னதை மட்டும் செய்வேன், சொல்லாததைச் செய்ய மாட்டேன். என்னைக் குத்தாலம் பேரருவியில குளிக்க வைங்க பாப்போம்."

"அருவிக்குப் போங்க சார்." போனேன். "குளிங்க." சட்டை, செருப்பு, கண்ணாடி, சட்டைப்பையில் செல்போன் எல்லாவற்றோடும் அருவிக்கடியில் நின்றேன். கூடமே உருண்டு சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் கரும்பலகையில் வரிசை வளர்ந்தது: செருப்பைக் கழட்டு. சட்டையைக் கழட்டு. போனைப் பையில் போடு. சோப்பு போடாதே, கோர்ட் தடை போட்டிருக்கிறது. 'ஷாம்பூவும்' என்று ஒரு பாப்பா ஞாபகப்படுத்தினாள். பிறகு ஒருத்தி சொன்னாள், "பையைப் பாறை மேல வைங்க."

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. சீசனுக்கு அருவிக்கரையில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்கிறவர் மகன், அனுபவஸ்தன். "குரங்கு இல்லைன்னா" என்றான்.

"இருந்தா?"

"தங்கச்சியைக் காவலுக்கு நிப்பாட்டுங்க."

எத்தனை நேரம் குளிப்பது என்று கேட்டேன். மொத்தக் கூடமும் ஒரே குரலில்: "போலீசு விசிலு ஊதுற வரை!"

பாடப்புத்தகத்தில் இவற்றுக்கு நிபந்தனைக் கூற்று, மடக்கு என்றெல்லாம் பெயர் உண்டு. எங்கள் வகுப்பில் ஒன்று குரங்கு, மற்றது விசில். பெரிய என்ஜினியர்கள் எழுதும் நிரல்கள் பல விழுந்து கிடப்பது, குரங்கு வரும் என்று யோசிக்காததால்தான். இந்த வயசுக்கு இயந்திரம் அவசியமில்லை, மக்கு ஒருவனுக்குப் புரிகிற மாதிரி ஒரு காரியத்தை வரிசையாகச் சொல்லத் தெரிந்தால் போதும் என்பது என் கட்சி.

அடுத்தது எண்கள். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது பூஜ்யமும் ஒன்றும்தான் என்று சொல்லி நிறுத்தினால், பெரியவர்களே கொட்டாவி விடுவார்கள். எங்களுக்குத்தான் ஐந்தருவி இருக்கிறதே. அஞ்சு கிளை. தண்ணீர் விழுந்தால் ஒன்று, விழாவிட்டால் பூஜ்யம். வலது ஓரக் கிளைக்கு மதிப்பு 1, அடுத்தது 2, பிறகு 4, 8, 16. ஐந்து பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, தண்ணீர் விழுந்தால் கையைத் தொங்கப்போடச் சொன்னேன். சித்திரை வெயிலில் எண் 0. வலது பக்கம் மூன்று கிளையில் மட்டும் விழுந்தால் 7. அஞ்சு கிளையிலும் ஆர்ப்பரித்தால் 31.

"31-ல குளிக்க விட மாட்டாங்க சார்" என்றான் ரம்புட்டான்காரர் மகன். "வெள்ளம்னு கயித்தைக் கட்டிருவாங்க."

31-க்கு மேல் ஒன்றைக் கூட்டினால்? அஞ்சு இடம்தான் இருக்கிறது, ஆறாவது கிளைக்கு எங்கே போவது? எல்லா இடமும் பூஜ்யமாகிவிடும். கணினிக்காரர்கள் இதை வழிந்துபோதல் என்பார்கள். பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியே இருக்கவில்லை. வெள்ளம் வந்தால் அருவிக்கரையில் ஆள் எண்ணிக்கை பூஜ்யம். நேரில் பார்த்தவர்கள்.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த வகுப்பில்தான் ஓடிபி நுழைந்தது. போனில் வரும் நம்பரை யாரிடமும் சொல்லாதே, ஏமாந்தால் உடனே 1930-க்குக் கூப்பிடு என்று நெட்டுருப் போட வைத்திருந்தேன். பல்லில்லாத பேரன் அதைக் கல்வெட்டாகவே பிடித்துக்கொண்டான். அவன் அம்மா பீடிக் கடைக்குப் போயிருந்த நேரம், போன் அவன் கையில். வாசலில் கேஸ் சிலிண்டர். இப்போதெல்லாம் அந்த நம்பரைச் சொன்னால்தானே சிலிண்டரை இறக்குவார்கள்!

"நம்பரைச் சொல்லுல."

"யார்ட்டயும் சொல்லக் கூடாது. 1930-க்குப் போன் போடவா?"

சிலிண்டர் வந்த வழியே திரும்பிவிட்டது. அன்று அந்த வீட்டில் விறகடுப்பு. மறுநாள் ஆச்சி கூடத்துக்கே வந்துவிட்டார். "என்னத்த சொல்லிக் குடுத்திய பிள்ளைக்கி? சோத்துக்கு வழியில்லாம ஆக்கிட்டானே!"

வழக்கு வகுப்பின் முன் வைக்கப்பட்டது. பேரன் சொன்னதைச் செய்தான், குற்றமில்லை. விதியில்தான் குரங்கைக் காணோம் என்று தீர்ப்பானது. ஒரு பாப்பா சேர்த்தாள்: நாம கேட்ட சாமான் நம்ம வாசலுக்கு வந்து, அம்மாவும் கண்ணால பாத்தா சொல்லலாம், போன்ல குரல் மட்டும் வந்தா, மாமா குரலா இருந்தாலும் சொல்லக் கூடாது. இதைவிடத் தெளிவாக எந்த வங்கியும் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பியதில்லை.

ஆச்சி போகவில்லை. பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். பீடி சுற்றிச் சுற்றி ரேகை தேய்ந்த விரல்களை நீட்டினார்.

"யய்யா, ரேசன் கடையில ஒரு மிசினு வச்சிருக்கான். என் ரேகைய எடுக்க மாட்டேங்கு. அதுக்கு என்ன குரங்கு போட்டிருக்காவ?"

"கண்ணைக் காட்டச் சொல்லுவாங்களே ஆச்சி?"

"கண்ணுல புரை. அதும் விழமாட்டேங்கு. நாளைக்கு வாங்கான். நாளைக்குப் போனா, நாளைக்கு வாங்கான்."

பேரன் துள்ளி எழுந்தான். "சார், இது குரங்கு இல்ல. இது விசிலு! விசிலே ஊதாத விசிலு!"

"அப்ப அதை ஊத வேண்டிய ஆளு யாருங்கேன்?" என்றார் ஆச்சி, என்னைப் பார்த்து.