பெல்ட் மாட்டிய முதுகு

விருதுநகரை ஒட்டிய சூலக்கரை வட்டாரத்தில் முதுகுவலிக்குப் பஞ்சமில்லை. தீப்பெட்டி ஒட்டக் குனிந்தே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும், லாரியில் மூட்டை ஏற்றுபவருக்கும், நாற்காலியை விட்டு நகராத கணக்குப்பிள்ளைக்கும் ஒரே வலி. சமத்துவம் இதிலாவது வந்ததே!

மூவருக்கும் ஒரே வைத்தியம், இடுப்பு பெல்ட். நாள்பட்ட இடுப்புவலிக்கு பெல்ட்டை வழக்கமாகத் தரவேண்டாம், உடற்பயிற்சி சொல்லிக்கொடுங்கள் என்று 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. மருந்துக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

உடம்பே ஒரு பெல்ட் வைத்திருக்கிறது. வயிற்றைச் சுற்றி ஓடும் ஆழ்தசை, கையைத் தூக்கும் முன்பே இறுகி முதுகெலும்பைத் தாங்கும். வலிக்காரர்களுக்கு அது தாமதமாக விழிக்கிறது என்று 1996இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும் காட்டினார்கள். உடனே அந்தத் தசையை எழுப்ப உலகமே 'பிளாங்க்' போடத் தரையில் குப்புற விழுந்தது. மற்றப் பயிற்சிகளை இந்தத் தசைப் பயிற்சி பெரிதாக விஞ்சவில்லை என்று பிறகு வந்த ஆய்வுத் தொகுப்புகள் சொன்னபோது, விழுந்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

நடந்தால்கூட வலி திரும்புவது தள்ளிப்போகும் என்றது 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு. தீப்பெட்டி எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பெண் எழுந்து நடந்தால் கூலியும் கூடவே நடந்துவிடும். கணக்குப்பிள்ளைக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவர் நடக்கிறார், பொரிச்ச பரோட்டாக் கடை வரைக்கும்.