பின்னால் நிற்கும் மாமா

தூண்டில் முள்ளில் மைதா உருண்டையைக் குத்தித் தண்ணீரில் வீசி, தக்கை நிமிர்ந்து நிற்பதற்குள் அவர் வந்துவிடுவார். முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் நிற்கும். முதலில் பீடிப்புகை, அப்புறம் குரல். "இங்ஙன போட்டா எப்படி மாப்ள விழும்?"

பின்னே எங்கே போட? கை நீளும். அந்தக் கை எதிர்க்கரையைத்தான் காட்டும். பாலம் சுற்றி எதிர்க்கரைக்கே போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு இந்தக் கரையைக் காட்டியது.

பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகத்துக்காகப் பெரியாறு பிரதானக் கால்வாயில் விடுகிற தண்ணீர் எங்கள் அலங்காநல்லூர்ப் பக்கமும் வருகிறது. நெல்லுக்குப் போகிற வழியில் கண்மாய்களில் ஜிலேபி, கெளுத்தி, குரவை என்று நமக்கும் கொஞ்சம் தருகிறது. இத்தனை ஏக்கரில் ஒரு முழம் கரை எனக்கென்று தனியாகக் கிடைக்காதா என்று நினைப்பது பேராசைதான் போலிருக்கிறது.

தக்கை லேசாகத் துடித்தால் போதும். "இழு!" சின்ன மீன் கொத்திப் பார்க்கிறது, இன்னும் விழுங்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் குரலுக்குக் கை தானாக இழுத்துவிடும். வெறும் முள் வரும். "அவசரப்பட்டுட்டியே மாப்ள." சரியென்று அடுத்த முறை பல்லைக் கடித்துப் பொறுத்தால், தக்கை முங்கி எழுந்து, மாவைத் தின்றுவிட்டு மீன் போயிருக்கும். "அப்பவே இழுன்னேன்ல!" தப்பித்தவறி ஒரு ஜிலேபி மாட்டிவிட்டால், "நான் சொன்ன நேரத்துக்கு இழுத்த பாரு, அதான்." விழுந்தாலும் விழாவிட்டாலும் மாமா ஜெயிப்பார். தோற்பதற்கென்றே நான் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறேன்.

ஊர்வாகும் ஒரு காரணம். தை மூன்றாம் நாள் ஜல்லிக்கட்டில் வாடிவாசலுக்கு எதிரே கேலரியைப் பாருங்கள். ஆட்டுக்குட்டியின் காதைக்கூடப் பிடித்திராதவர்கள் "திமிலைப் பிடிறா, வாலை விடுறா" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். காளை காதில் வாங்குவதில்லை, அதனால் சேதமில்லை. மாமாவுக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள் போதவில்லை. மிச்ச நாளுக்கெல்லாம் கால்வாய்க் கரை.

பரம்பரையாகவும் இருக்கலாம். இந்தத் தண்ணீருக்குக் காரணமான முல்லைப் பெரியாறு அணை 1887இல் தொடங்கி 1895இல்தான் முடிந்தது. நடுவில் வெள்ளம் வந்து கட்டியதை அடித்துக்கொண்டு போனது. அப்போது அணை கட்டிய பென்னிகுயிக்கின் முதுகுக்குப் பின்னால் மாமாவின் பாட்டனார் யாரோ ஒருவர் நின்று, "அப்பவே சொன்னேன்ல தொரை" என்றிருப்பார். எனக்கு இதில் துளிச் சந்தேகமும் கிடையாது.

லாரி ட்யூபில் மிதக்கிற பையன்களுக்கும், தெர்மாகோல் தெப்பத்தில் போய் வலை விரிக்கிற கண்மாய்க் குத்தகைக்காரரின் ஆளுக்கும் கரையிலிருந்தே வழி சொல்வார். "சோத்தாங்கைப் பக்கம் துழாவுப்பா!" மாமாவுக்கு நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை. பறவை விஷயத்தில் ஆள் எளிமையானவர். வெள்ளையாக இருந்தால் கொக்கு, கறுப்பாக இருந்தால் காக்கா, அவ்வளவுதான். நீர்க்காகத்துக்கு மட்டும் அதிர்ஷ்டவசமாகப் பாதிப் பேர் பொருந்திவிட்டது.

ஆனால் கருப்பு வெள்ளை மீன்கொத்தியிடம் அவர் நடந்துகொண்டதுதான் உச்சம். அது அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். அலகைக் கவிழ்த்துக் குறி பார்க்கும். பார்த்துக்கொண்டே இருக்கலாம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "இப்ப விழு!" என்றார் மாமா. விழுந்தது, மீன் சிக்கவில்லை. "முந்திட்டான்." மறுபடி மேலே போய் நின்றது, விழுந்தது, வாயில் வெள்ளியாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு எழுந்தது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "சொன்னா கேக்குது பாத்தியா" என்கிற பார்வை.

வேடிக்கையை விட்டுச் சொல்கிறேன். பேசாமல் உட்கார்ந்திருந்தால் யாரும் ஏனென்று கேட்காத வேலை இந்த ஊரில் தூண்டில் போடுவது ஒன்றுதான். ஆபீசில் பின்னால் ஒருவர் நிற்கிறார், பஸ்ஸில் நிற்கிறார், ஏடிஎம்மில்கூட நிற்கிறார். அதையெல்லாம் கழற்றி வைக்கத்தான் மூங்கில் கம்பைத் தூக்கிக்கொண்டு போகிறேன். மீனுக்காகப் போகவில்லை. மீன் மார்க்கெட்டில் கிடைக்கும்.

கிளம்பும்போது பையைத் திறந்து பார்ப்பார். "இதுக்கா இம்புட்டு நேரம்?" என்பார். இருக்கிறதில் பெரிய கெளுத்தியைத் தொட்டு, "இது குழம்புக்கு ஆகும்" என்பார். அப்படி ஒருமுறை குழம்புக்கே வந்துவிட்டார். கூடத்தில் உட்காரச் சொன்னால் உட்காருவாரா? அடுப்படிக்குப் போய் என் மனைவிக்குப் பின்னால் நின்றார். சட்டியில் எண்ணெய் மிதக்க ஆரம்பித்தது. "இறக்கும்மா, இறக்கு!"

அவள் திரும்பவில்லை. "கரண்டி அந்தா இருக்குண்ணே. நீங்களே இறக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே வெகுநேரம் சத்தமே இல்லை. அப்புறம் தீய்கிற வாசம் வந்தது.

"மாப்ள, அடுப்பு சரியில்ல" என்றது குரல்.