கொழும்பு ஐயாவும் வட்டவளைத் துண்டும்

வட்டவளையில் மழை பெய்தால் செய்தி இல்லை. வெயில் அடித்தால்தான் செய்தி. அந்த மழைக்கும் அட்டைக்கும் பயந்து தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு ஓடியவரைப் பிடித்து உள்ளே தள்ளுவதற்கென்றே 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருந்தது. கடன்பட்ட துரை ஓடினால் சிவில் வழக்கு. பேர் பதிந்த தொழிலாளி ஓடினால் குற்றம், மறியல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அரச தரப்பில் நின்று குற்றவாளிகளைக் கூண்டில் ஏற்றும் கொழும்புக் கந்தோரின் இரண்டாவது நாற்காலியில் அப்போது ஒரு தமிழர் இருந்தார். சொலிசிட்டர் ஜெனரல் பொன்னம்பலம் இராமநாதன்: தலைப்பாகை, நெடிய கோட்டு, சுத்த சைவம். 1892இலிருந்து 1906 வரை அதே நாற்காலி. முதல் நாற்காலி வெள்ளைத் தோலுக்கென்று ஒதுக்கிய சாமான் போலும். அதில் அவர் நிரந்தரமாக உட்காரவே இல்லை.

ஓடிப்போன தோட்டத்து ஆளின் கதை அவர் மேசை வரைக்கும் போயிருக்காது. அதையெல்லாம் உள்ளூர் நீதவானே மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் சுருட்டிவிடுவார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் ஐயாவுக்கு ரத்தம் சூடேறியது. 1911இல் ‘படித்த இலங்கையர்’ ஆசனத்தை வென்று சட்டசபைக்குள் போனார். 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தில் இராணுவச் சட்டம் போட்டு அரசு சிங்களவரைச் சுட்டுத் தள்ளியபோது, பதினாலு வருஷம் அரசுக்காக வாதாடிய அதே வாயால் அரசையே கூண்டில் ஏற்றினார். உலக யுத்தம் நடக்கும் கடலைத் தாண்டி லண்டனுக்கே போய் முறையிட்டார். திரும்பி வந்தவரின் வண்டியில் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, சிங்கள இளைஞர்களே இழுத்துப் போனதாகச் சொல்வார்கள்.

தேயிலைக் காட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தவர் தம்பி அருணாசலம். 1919இல் தொழிலாளர் நலனுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். அன்றைக்குத் தோட்டம் மாற வேண்டுமென்றால் துரை ஒரு துண்டு எழுதித் தர வேண்டும்: இந்த ஆட்களின் கடன் இவ்வளவு, கட்டுகிறவர் கூட்டிப் போகலாம். கடையில் சாமானுக்குத் தொங்கும் விலைச்சீட்டுத்தான், கழுத்தில் கட்டவில்லை என்பது ஒன்றே மரியாதை. கடன் எவ்வளவு என்பதோ பெரிய கங்காணி சொல்வதுதான் கணக்கு. 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள்.

அண்ணனோ 1913இல் யாழ்ப்பாணத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஜோரான கல்லூரி கட்டினார். அரசியல் சீர்திருத்தம் பேச லண்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு அதே பெண்களுக்கும் வோட்டு என்றதும், கூடவே கூடாது என்று நின்றார். சர்வசன வாக்குரிமையே நாட்டைக் கெடுக்கும் என்று 79 வயதில் மறுபடி கப்பலேறினார். லண்டன்காரர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், கேட்டதோடு சரி. 1930 நவம்பரில் ஐயா காலமானார்.

அடுத்த வருஷம் தேர்தல். வதிவிடம், அத்தாட்சி என்று ஆயிரம் முட்டுக்கட்டை போட்டும் தோட்டத்து ஆட்களில் பலருக்கு வோட்டு கிடைத்தது. ஆனால் அட்டன் தொகுதியில் வழக்கறிஞர் பெரி சுந்தரத்தை எதிர்த்து யாருமே நிற்கவில்லை. அவர் போட்டியின்றித் தெரிவாகி மந்திரியும் ஆனார். முதல் வோட்டைப் போட இருந்தவர்களுக்கு அன்றைக்கும் பிரட்டு, கொழுந்து, அரைப்பேர்தான்.