வேலிக்கு வெளியே நின்று ஆழம் பார்ப்பது

எங்கள் காலத்துப் பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் என்றால் கலங்கரை விளக்கம்தான். உச்சியிலிருந்து பார்த்தால் கப்பலின் இறக்கக்கோணம் 30°; கப்பல் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது? எங்கள் ஊர் ரெட்டிபாளையத்துப் பிள்ளைகளில் கடலைக் கண்டவர்களே குறைவு. டேன் 30° மதிப்பை மனப்பாடம் செய்தோம், விடை எழுதினோம், மதிப்பெண் வாங்கினோம்.

அதே ஆண்டுகளில் எங்கள் தெருவில் வீடு கட்டிய கொத்தனார், வானம் தோண்டுமுன் நூல் பிடித்து மூலை பார்ப்பார். ஒரு நூலில் 3 அடி, மறு நூலில் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வந்தால்தான் முளை அடிப்பார். அது பிதாகரஸ் தேற்றம்தான் என்று எங்களுக்கு யாரும் காட்டவில்லை.

பக்கத்துச் சீமையில் நடந்த பெரிய கதையும் பாடத்தில் இல்லை. 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளக் கோடு ஒன்றைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். பிறகு கோணங்களை அளந்தே, முக்கோணத்தோடு முக்கோணம் சேர்த்து நாட்டை அளந்துகொண்டு போனார். காவிரிச் சமவெளியில் குன்று இல்லை. ஆகவே கோயில் கோபுரங்களில் ஏறினார்கள். 1808இல் கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்தது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தன் கையாலேயே சீர்செய்தார்.

இன்று ஊரை ஒட்டிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த கடல் விட்டுப்போன கல்தான் சிமெண்ட் ஆகிறது. சுரங்க அளவையில் டோட்டல் ஸ்டேஷன் என்னும் கருவி சாய்தூரத்தையும் கோணத்தையும் எடுத்து நொடியில் ஆழம் சொல்கிறது. அதற்குள்ளும் செங்கோண முக்கோணம்தான் வேலை செய்கிறது. இளகிய மண்ணில் பக்கச் சரிவு 45°-ஐத் தாண்டக் கூடாது என்கின்றன 1961ஆம் ஆண்டுச் சுரங்க விதிகள். டேன் 45° என்பது 1. அதாவது 10 மீட்டர் ஆழம் வெட்டினால் பக்கவாட்டில் குறைந்தது 10 மீட்டர் சரிவு விட வேண்டும். மண் சரிந்து ஆள் புதையாமல் காப்பது நாங்கள் பொருள் தெரியாமல் ஒப்பித்த அந்த 1.

எங்களிடம் இல்லாத ஒன்று இன்றைய பிள்ளைகளிடம் இருக்கிறது. கைபேசியின் செயற்கைக்கோள் வரைபடத்தில், தாங்கள் நிற்கும் இடத்திலிருந்து குழியின் எதிர்ச்சுவர் அடிவரை உள்ள கிடைத்தூரத்தை அளக்கலாம். பாகைமானியில் நூலும் கல்லும் கட்டி, வேலிக்கு வெளியே நின்று அந்த அடியைப் பார்த்தால் இறக்கக்கோணம் கிடைக்கும். தூரம் 100 மீட்டர், கோணம் 17° என்று வைத்துக்கொள்வோம். டேன் 17° சுமார் 0.306, பெருக்கினால் 30.6 மீட்டர். கண்ணின் உயரம் ஒன்றரை மீட்டரைக் கழித்தால் ஆழம் சுமார் 29 மீட்டர்.

இதை ஆண்டுதோறும் அதே இடத்தில் நின்று அளந்து, பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வரட்டும். அந்த நோட்டோடு கிராம சபைக்குப் போகிறவரின் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. தன் ஊர் மண் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தானே கணக்கிடத் தெரிவது இங்கே பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை. அதைக் கற்றுத்தருவது பள்ளியின் கடமை.