பூனைக்குப் பொறுப்பான அதிகாரி அவர்களுக்கு

பெறுநர்: பூனைக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள், எங்கிருந்தாலும்.
பொருள்: ஒரு பூனைக்கு விசர்நோய்த் தடுப்பூசி.

கனம் ஐயா அல்லது அம்மா,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்கள் முஸ்லிமா, தமிழரா, சிங்களவரா என்பது தெரியாததால் வணக்கமும் ஆயுபோவனும் கூடவே வைத்திருக்கிறேன். பொருத்தமானதை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கோப்பில் போட்டுவிடுங்கள். பெயரும் அலுவலகமும் தெரியாமல் எழுதுவதற்கு மன்னிக்கவும். ஐந்து நாளாகத் தேடுகிறேன். தாங்கள் இருக்கிறீர்கள் என்று எல்லா அலுவலகத்திலும் சொல்கிறார்கள். பக்கத்து அலுவலகத்தில் இருக்கிறீர்களாம்.

விஷயம் இதுதான். போன சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுப் பூனை சீனி என் பேத்தியின் கையைக் கடித்துவிட்டது. குற்றம் பேத்தி மேல்தான். சீனியின் வயிறு ஏன் இவ்வளவு பெருத்திருக்கிறது என்று அமுக்கிப் பார்த்திருக்கிறாள். இரண்டு பல் பதிந்து, இரண்டு பொட்டு இரத்தம். மனைவி கோப்பித்தூள் டப்பாவோடு ஓடிவந்தாள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். நாங்கள் ஷாஃபி மத்ஹபுக்காரர். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண்ணும் சேர்த்து, கழுவவேண்டும் என்பது எங்கள் ஊரில் ஓதப் போகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே நாய் காலில் வாய் வைத்தால் மட்டும் ஒருவரும் கழுவுவதில்லை. கோப்பித்தூளை அப்புகிறார்கள், சுண்ணாம்பு தடவுகிறார்கள். பீங்கானுக்குக் கொடுக்கும் மரியாதையைக் கெண்டைக்காலுக்குக் கொடுப்பதில்லை. சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுவதுதான் விசர்நோய்க்கு முதல் மருந்து என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாத்திரத்துக்கு ஏழு தடவை என்று பழகிய சனத்துக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது அவ்வளவு கஷ்டமா? ஒரு ஜும்ஆவில் அரை நிமிஷம் போதும். சரி, அது தங்கள் இலாகா இல்லை.

பேத்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நன்றாகப் பார்த்தார்கள். ஊசி போட்டு, முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 30ஆம் நாள் என்று எழுதி ஓர் அட்டையும் தந்தார்கள். எல்லாம் இலவசம். பிறகு கேட்டார்கள்: “பூனைக்கு ஊசி போட்டிருக்கா?”

“இல்லை.”

“அப்ப பதினாலு நாள் பூனையைப் பார்த்துக்கொள்ளுங்க. செத்தாலோ காணாமப் போனாலோ உடனே வந்து சொல்லுங்க.”

பூனைக்கும் இப்போதே ஒன்றைப் போட்டுவிட்டால் அடுத்த தடவையாவது இந்தக் கேள்விக்குத் தலை நிமிர்ந்து பதில் சொல்லலாமே என்று எனக்குப் பட்டது. அங்கேதான் என் யாத்திரை தொடங்கியது.

நாய்களைப் பதியும் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று எழுதமாட்டேன். போன மூன்று இடத்திலும் எனக்கு மச்சான்மார் இருக்கிறார்கள். “காக்கா, இஞ்ச நாய்க்குத்தான் ஃபோம். பூனைக்கு இல்ல” என்றார் அங்கிருந்த தம்பி. மனிதருக்கு ஊசி போடும் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். “பூனைக்கும் போடுவாங்கதான். அதுக்கு ஒரு டீம் வரும்.” எப்போது வரும்? “மறுகா சொல்லுறம்.” மாட்டுக்கு வைத்தியம் பார்க்கும் மூன்றாவது இடத்தில் டொக்டர் இல்லை. வட்டைப் பக்கம் ஒரு பசு கன்று போட முடியாமல் கிடக்கிறதாம், போய்விட்டார். அந்த மனுஷன் மேல் எனக்குக் கோபமில்லை. பால்மாட்டை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. சீனியை நம்பி எங்கள் வீட்டில் எலிகூட இல்லை. வாசலில் நின்ற காவலாளி மட்டும் நான் சீனியைக் கொண்டுபோன உரப்பைக்குள் எட்டிப் பார்த்து, “இது சினைப்பட்டிருக்கே காக்கா, ஊசி தாங்குமா?” என்றார். பதில் எனக்கும் தெரியவில்லை. தங்களுக்குத் தெரிந்திருக்கும். மறுகா வாருங்கள் என்றார்கள். ‘மறுகா’ என்ற சொல்லுக்கு எந்த அகராதியிலும் திகதி போட்டிருக்காது என்பது தாங்கள் அறிந்ததே.

வீட்டுக்கு வந்து சட்டத்தைப் புரட்டினேன். பாரிசில் லூயி பாஸ்ச்சர் ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு முதலாவது விசர்நாய்க்கடி ஊசியைப் போட்டது 1885 ஜூலையில். எட்டே வருஷத்தில் இங்கே விசர்நோய்க் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது, 1893இல். அடுத்தது 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் சுறுசுறுப்பானவன்தான். ஆனால் அவன் நாய் என்று நினைத்தது, வெராந்தாவில் எசமானின் சப்பாத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கிற ஒன்றை. அதற்குப் பெயர் இருக்கும், கழுத்தில் பட்டி இருக்கும், முக்கியமாக ஓர் உரிமையாளர் இருப்பார். நூற்றிருபது வருஷத்துக்குப் பிறகும் ‘உரிமையாளர் பெயர்’ என்ற கட்டத்தில்தான் எங்கள் ஊர் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது.

எங்கள் ஊரில் நாய்க்கு உரிமையாளர் யார்? பெரியநீலாவணையிலிருந்து மாளிகைக்காடு வரைக்கும் கல்முனைப் பக்கத்துக் கடற்கரையை ஒரு காலையில் பாருங்கள். கரைவலை இழுக்கும் இடமெல்லாம் ஏழெட்டு நாய் வளையமாகக் குந்தியிருக்கும். வலையில் கழிந்த மீன் அவற்றுக்குப் போகும். வாடிக்குக் காவல் அவைதான். யாருடைய நாய் என்று கேட்டால், “ஆரோ சோறு போடுறாங்க” என்பார் சம்மாட்டி, தன் கையால் சூடைமீனை எறிந்துகொண்டே. காவலுக்கும் வேட்டைக்கும் மந்தைக்கும் நாய் வைத்திருக்க மார்க்கத்தில் இடமுண்டு என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் பேப்பரில் ‘என் நாய்’ என்று கையெழுத்துப் போட மனம் வராது. இறைச்சிக்கடை நாய் கதையும் இதேதான். வட்டையில் பன்றிக்குக் காவல் கிடக்கிற நாயும் வேளாண்மை வெட்டும்வரைதான் ஒருவருடையது.

பூனை இன்னும் மோசம். எங்கள் பக்கத்தில் பூனை இல்லாத வீடு அபூர்வம். பூனைக்குட்டியின் தந்தை என்ற பட்டப்பெயரிலேயே ஒரு நபித்தோழர் அறியப்படுகிற மார்க்கம் எங்களுடையது. பூனை வாய் வைத்த தண்ணீர் அசுத்தமாகாது. பள்ளிவாசல் விறாந்தையில் படுக்கலாம், ஒருவரும் விரட்டமாட்டார்கள். ஆனால் அதற்கும் உரிமையாளர் கிடையாது. வரும், தின்னும், அடுத்த வீட்டில் குட்டி போடும்.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தது 1984இல். வீடு மனைவிக்குக் கிடைத்த சீதனம். உறுதி அவள் பெயரில். பாயும் சோறும் தந்தார்கள், தங்கிவிட்டேன். சீனியும் அப்படித்தான், ஒரு மழை இரவில் வந்தது. இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் சட்டப்படி ஒரே அந்தஸ்து. நான் போய் எப்படிச் சீனிக்கு உரிமையாளர் என்று கையெழுத்துப் போடுவது? மனைவி பார்த்தால் சிரிப்பாள்.

உரிமையாளர் இல்லையென்றால் என்ன நடக்கும் என்பதை முன்பொரு தடவை கண்ணால் பார்த்தேன். ஊசிக்காரர்கள் வருகிறார்கள் என்று ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னார்கள். வேப்பமரத்துக்குக் கீழே மேசை, குளிர்ப்பெட்டி, இரண்டு உத்தியோகத்தர். நாயைக் கொண்டுவாருங்கள் என்றால் யார் கொண்டுவருவது? இரண்டு பேர் சங்கிலியோடு வந்தார்கள். ஒரு ராத்தா உரப்பையில் பூனையைக் கட்டி வந்தா. அவிழ்த்ததும் அது மதில் பாய்ந்தது. ஊசி தேவைப்பட்ட நாய்களோ ஒரு இருபது யார் தள்ளி வரிசையாகக் குந்தியிருந்து, நடப்பதையெல்லாம் மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தன. லுஹர் பாங்கு சொன்னதும் மேசையை மடித்தார்கள். நாய்களும் எழும்பிப் போயின. அன்று பதிவேட்டில் ‘முகாம் நடைபெற்றது’ என்று எழுதியிருப்பார்கள். பொய்யில்லை, நடைபெற்றதுதான்.

பழைய காலத்தில் வேறு வைத்தியம் இருந்தது. நாய் வண்டி வரும், பிடித்துக்கொண்டு போய்க் கொன்றுவிடுவார்கள். 2006இல் அரசாங்கம் அதை நிறுத்தியது. நிறுத்தியது நல்லது. கொன்ற இடத்துக்கு அடுத்த மாதம் பக்கத்து ஊர் நாய் வந்துவிடும். புதிதாக வந்தது ஊசி போடாததாகத்தான் இருக்கும். 1973இல் இந்த நாட்டில் 377 பேர் விசர்நோயால் செத்தார்கள். அண்மைக் காலத்தில் அது வருஷத்துக்கு இருபது முப்பது என்று இறங்கியிருக்கிறது. இறக்கியது நாய்க்குப் போட்ட ஊசியும் கடிபட்டவருக்குப் போட்ட ஊசியும். நூற்றுக்கு எழுபது நாய்க்குப் போட்டால் நோய் தொடர்ந்து பரவ வழியில்லாமல் அறுந்துபோகும் என்கிறார்கள். நாய் கடித்து வரும் விசர்நோயால் ஒருவரும் சாகக்கூடாது என்று உலகம் வைத்திருக்கும் தவணை 2030. நாய்க்குப் போடுவது மனிதருக்குப் போடுவதைவிட எவ்வளவோ மலிவு. ஆனால் கடிபட்ட மனிதன் தன் காலால் நடந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறான், அட்டையும் வைத்திருக்கிறான். நாய் வராது. நிர்வாகத்துக்கு எது வசதி என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நாய் செத்த பிறகு மட்டும் அதற்கு ஒரு மரியாதை உண்டு. விசர் என்று சந்தேகம் வந்தால் தலையை வெட்டி, ஐஸ் போட்டு, பரிசோதனைக்காகக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். எங்களிடம் ஐஸுக்குப் பஞ்சமில்லை. மீன் பெட்டியும் உண்டு, இராத்திரி பஸ்ஸும் உண்டு. கல்முனையில் எந்தக் காரியம் என்றாலும் கொழும்புக்குப் போனால்தான் முடியும் என்பது எங்களுக்குப் பழக்கம். நாங்கள் முழு ஆளாகப் போகிறோம், நாய்க்குத் தலை மட்டும் போனால் போதும்.

எந்த எல்லைக்குள் எந்த அதிகாரி என்ற சிக்கலும் தங்களுக்கு இருக்கும், தெரியும். எங்கள் ஊரில் பிரதேச செயலக எல்லைக்காக முப்பது வருஷத்துக்கு மேலாக இழுபறி. 2019இல் உண்ணாவிரதம்கூட இருந்தார்கள். சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்தது, மை காயுமுன் நிறுத்திவைக்கப்பட்டது. இதற்குள் போய்க் கருத்துச் சொல்ல எனக்கு வயது போதாது. ஒன்று மட்டும்: பாண்டிருப்பில் பிறந்து, கல்முனைக்குடி இறைச்சிக்கடையில் பகல் சாப்பிட்டு, சாய்ந்தமருதுக் கடற்கரையில் படுக்கிற நாய்கள் இருக்கின்றன. தினமும் ஒவ்வொரு லைட் போஸ்டிலும் தாங்களே எல்லை போட்டுக்கொண்டு போகின்றன. அடுத்த எல்லை நிர்ணயக் குழுவில் அனுபவமுள்ள ஒன்றைச் சேர்த்துக்கொள்வதில் எங்கள் தரப்பில் ஆட்சேபணை இல்லை.

சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி கட்டாரிலிருந்து வந்து, பேர்சியன் பூனை ஒன்று வாங்கினான். அதற்குக் காய்ச்சல் கண்டது. பூனை பார்க்கும் வைத்தியர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அன்பில்தான் செய்தான்: பனடோல் அரைக் குளிசையைப் பாலில் கரைத்துக் கொடுத்தான். பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கிற சக்தி கிடையாது, இரத்தமே கெட்டுப்போகும். முரசு நீலம் பாரித்து, மூச்சு வாங்கி, மூன்றாம் நாள் செத்தது. தேத்தண்ணீருக்கு அடுத்ததாக நாங்கள் நம்புகிற ஒரே மருந்து பனடோல்தான். அது பூனைக்கு நஞ்சு என்று ஒரு பாமசிச் சுவரிலும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டியவர் தாங்கள் என்று நினைக்கிறேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஃபோமில் ‘உரிமையாளர்’ என்பதை வெட்டிவிட்டு ‘சோறு போடுபவர்’ என்று போடுங்கள்; கடற்கரையில் அத்தனை பேரும் கையெழுத்து வைப்பார்கள். நாயை மேசைக்கு வரச்சொல்லாமல், விடிய ஆறு மணிக்கு, வலை கரையேறுகிற நேரம், சுருக்கு வலையில் நாய் பிடிக்கத் தெரிந்த இரண்டு பேரோடு வாருங்கள். அந்த நேரம் எல்லா நாயும் ஆஜர், ஒன்றுகூட லீவு போடாது. தடுப்பூசியை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்கவேண்டுமாமே, கரண்ட் போனால் கவலைப்படவேண்டாம். ஐஸ் நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
சீனிக்குச் சோறு போடுபவன்,
கல்முனைக்குடி.

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் இதையும் சேர்க்கிறேன். நாளைக்குப் பேத்திக்கு ஏழாம் நாள் ஊசி. சீனி சுகம். நேற்று இரவு என் மனைவியின் சீலைப் பெட்டிக்குள் மூன்று குட்டி போட்டிருக்கிறது. பொருள் என்ற இடத்தில் ‘ஒரு பூனைக்கு’ என்பதை ‘நான்கு பூனைக்கு’ என்று தயவுசெய்து திருத்தி வாசிக்கவும். மறுகா வாசிப்பதானால் எண்ணிக்கையை ஒருதடவை கேட்டுக்கொள்ளவும்.