பத்து நாளில் பறப்பவர்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து ஆண்களை வேலையில் இருப்போர், வேலை தேடுவோர் என இரு கூறாகப் பிரித்துக் கணக்கெடுப்பது அரசு அலுவலகங்களின் வழக்கம். ஆயினும் இவ்விரு கூறிலும் அடங்காத ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் உண்டு என்பதையும், அவர் வேலையில் இல்லாதபோதும் வேலை தேடுவதில்லை என்பதையும், அவருக்குரிய வேலை ரியாத்திலோ துபாயிலோ ஏற்கெனவே கிடைத்துவிட்டதே அதற்குக் காரணம் என்பதையும் தேநீர்க் கடைகள் நன்கறியும். இவரைப் 'பத்து நாளில் பறப்பவர்' எனக் குறிப்பிடலாம். பொங்கலன்று கேட்டாலும், மாசி மகத்தன்று கேட்டாலும், தீபாவளிக்கு முந்தைய நாள் கேட்டாலும் "இன்னும் பத்து நாள்ல ஃப்ளைட்டு" என்பதே இவரது விடை. செஞ்சி வழியாகத் திண்டிவனத்தையும் திருவண்ணாமலையையும் இணைக்கும் எனப் பல்லாண்டுகளாகப் பேசப்பட்டுவரும் ரயிலைப் போல, இவருடைய பயணமும் உறுதியானது. புறப்பாடு மட்டுமே நிலுவையில் உள்ளது.

இவரை அடையாளம் காண்பது எளிது. கையில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். அதனுள் மதிப்பெண் பட்டியல், ஐ.டி.ஐ. சான்றிதழ், எப்போதோ வேலை பார்த்த இடத்தில் வாங்கிய அனுபவச் சான்று, வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படங்கள், பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸ் பிரதிகள் ஆகியவை இருக்கும். பாஸ்போர்ட் ஒரிஜினல் ஏஜென்டிடம் இருக்கும். பின்னணியும் சட்டையும் ஒரே நிறமாகி, வெற்றுத் தாளில் தலை மட்டும் மிதப்பது போல் படம் விழுந்துவிட்டதால் இவர் இருமுறை புகைப்படம் எடுத்துக்கொண்டவர். முதல் முறை எடுத்த படங்கள் இப்போது உறவினர் வீட்டுப் பெண்களுக்கு ஜாதகத்துடன் அனுப்பப் பயன்படுகின்றன.

இவரது வாழ்வை ஆளும் முதல் சொல் ஈ.சி.ஆர். என்பது. மரக்காணம் வழியே புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையை இது குறிக்காது. 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, வேலைக்காக வெளிநாடு செல்வோரில் சிலர் அரசின் முன் அனுமதி பெற்றே புறப்பட வேண்டும் என்ற விதியின் சுருக்கப் பெயர் இது. பத்தாம் வகுப்புத் தேறாதவர், சவூதி அரேபியா, குவைத், ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுள் ஒன்றுக்கு வேலைக்குச் செல்வதாயின், குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரின் அனுமதி அவருக்குக் கட்டாயம். கணக்குத் தாளில் தவறியதைப் பற்றி வாத்தியாரும் தகப்பனாரும் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் வருந்தாத ஒருவர், பாஸ்போர்ட்டில் அம்மூன்றெழுத்தைக் கண்ட அன்றே முதன்முறையாக வருந்துகிறார்.

அடுத்து வருவது மெடிக்கல். வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் அந்நாடுகள் ஏற்பளித்த பரிசோதனை மையங்களில் உடல் தகுதிச் சான்று பெறவேண்டும். 'ஃபிட்' எனில் விசா, 'அன்ஃபிட்' எனில் வீடு. இச்சான்று குறுகிய காலத்துக்கே செல்லும் என்பதால், விசா வருவதற்குள் மெடிக்கல் காலாவதியாகிவிடுவதும், மெடிக்கலை மறுபடி எடுப்பதற்குள் விசா காலாவதியாகிவிடுவதும், இரண்டும் ஒன்றுசேர்ந்து உயிரோடிருக்கும் நாளில் அனுப்பும் கம்பெனி ஆள் எடுப்பதை நிறுத்திவிடுவதும் வழக்கம். இதனால் மாவட்டத்திலேயே நுரையீரலும் இரத்தமும் மிக அதிகமுறை சோதிக்கப்பட்ட ஆரோக்கியசாலி இவரே. பரிசோதனைக்காகச் சென்னைக்குப் பேருந்து ஏறி, 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்தில் இறங்கியதே வெளிநாட்டுத் திசையில் இவர் இதுவரை சென்றடைந்த தூரமாகும்.

இவருக்கும் விமானத்துக்கும் இடையே நிற்பவர் ஏஜென்ட். ஒருவர் எனச் சொல்வது பொருந்தாது: ஊரில் ஒருவர், அவருக்குத் தெரிந்த திண்டிவனத்துக்காரர், அவருக்கு மேல் சென்னையில் ஓர் அலுவலகம், அதற்கும் மேல் மும்பையில் ஒரு சேட்டு என அந்த வரிசை நீளும்; ஒவ்வொரு படியிலும் தொகை சற்றுப் பருக்கும். பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு முகவர் தொழிலாளியிடமிருந்து 30,000 ரூபாயும் அதன்மீதான ஜி.எஸ்.டி.யும் தவிர வேறு சேவைக் கட்டணம் பெறக்கூடாது என்பது விதி. ஊர்க்கார சப்-ஏஜென்டுக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. ஆயினும் ஆள் பிடிக்கும் தொழில் இம்மண்ணுக்குப் புதிதன்று. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் துறையைச் சென்றடைந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி, நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆர்க்காட்டு மாவட்டங்களிலிருந்து பலர் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்டனர். பின்னர் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் தத்தம் ஊரிலிருந்தே ஆள் திரட்டினர். உடலுழைப்புத் தொழிலாளர் மலேயா செல்வதை 1938-இல் இந்திய அரசு தடைசெய்தபோது கங்காணி முறை முடிந்தது. கங்காணி முன்பணம் கொடுத்து அழைத்துச் சென்று பிறகு கூலியில் பிடித்தார். இன்றைய சப்-ஏஜென்ட் அழைத்துச் செல்வதற்கு முன்பே பிடித்துவிடுகிறார் என்ற அளவில் இத்துறை வளர்ச்சி கண்டுள்ளது.

ஏஜென்டின் நாட்காட்டி தனித்தன்மை உடையது. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை இங்கே விடுமுறை, ரமலான் மாதத்தில் அரை நாள் அலுவல், ஹஜ்ஜுக்கு ஆட்கள் இல்லை, மற்ற நாள்களில் சர்வர் டவுன். இவை எல்லாவற்றையும் தாண்டி எம்பசி திறந்திருக்கும் ஒரு வாரம் வாய்த்தால், அது ஆடி மாதமாக இருந்து, பிள்ளையைப் பயணம் அனுப்பத் தாயார் மறுத்துவிடுவார். பேருந்து நிலையத்தின் ஓரத்தில், ஒரு காதைப் பொத்திக்கொண்டு நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இவ்வாறு அமையும்:

"அண்ணே, விசா அடிச்சாச்சாண்ணே?"

"அடிச்சாச்சு தம்பி. டிக்கெட்டு ஒண்ணுதான் பாக்கி. பத்து நாள்ல பறந்துடலாம், பெட்டிய ரெடியா வையி. அந்த மிச்ச இருபதாயிரத்த மட்டும் இன்னிக்கே போட்டு வுட்ரு."

விசா அடித்தல் என்பது விசா கிடைத்துவிடுவதைக் குறிக்கும். என்ன வேலைக்கு விசா என்பது பெரும்பாலும் அது அடித்த பிறகே தெரியவரும். டைல்ஸ் ஒட்டுவதில் கைதேர்ந்தவருக்கு ஹவுஸ் டிரைவர் விசா வரும். இவர் இதுவரை ஓட்டியது அண்ணனுடைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். மட்டுமே. 'ஃப்ரீ விசா' என்ற இன்னொரு வகையும் உண்டு. பெயரளவில் ஒரு முதலாளியின் பொறுப்பில் சென்று, வெளியே எங்கு வேண்டுமானாலும் வேலை பார்த்துக்கொள்ளலாம் எனச் சொல்லி விற்கப்படும் இது, இலவசமும் அன்று, சட்டப்படி எங்கும் வேலை பார்க்கும் சுதந்திரத்தைத் தருவதும் அன்று.

புறப்படாதபோதும் இவரது சமூக மதிப்பு புறப்பட்டுவிடுகிறது. பெண் வீட்டார் ரியாலை ரூபாயாக்கிப் பார்த்து மகிழ்கின்றனர். கொத்தனார் மேஸ்திரி, "நீதான் போயிடப் போறியேப்பா" எனச் சொல்லி நீண்ட நாள் வேலைக்கு வேறு ஆள் வைத்துக்கொள்கிறார். வழியனுப்பும் விருந்தை ஒருமுறை உண்டு தீர்த்த உறவினர், இரண்டாம் விருந்து எப்போது என நாசூக்காக விசாரிக்கின்றனர். மயிலம் முருகனுக்கு மொட்டை நேர்ந்தாகிவிட்டது. சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பகுதியில் அருள்பாலிக்கும் விசா கணபதிக்குத் தேங்காய் உடைத்தாகிவிட்டது. ஹைதராபாத் அருகே சில்கூரில் உள்ள விசா பாலாஜியும் அடுத்த திட்டத்தில் இருக்கிறார். தெய்வங்கள் அனைவரும் பொறுமை காக்கின்றனர். தாயாரின் சங்கிலி அடகில் இருக்கும் கடையின் வட்டி மட்டுமே எந்த எம்பசி விடுமுறையையும் அனுசரிப்பதில்லை.

இவர் சோம்பேறி அல்லர், ஏமாளி எனவும் ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. இதே ஊர்களிலிருந்து உண்மையாகவே பறந்தவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த மாடி வீடுகள் இவர் கண்முன்னே நிற்கின்றன. அவர்களும் ஒரு காலத்தில் "இன்னும் பத்து நாள்" எனச் சொன்னவர்களே. ஆகவே இவர் நம்புவதில் பிழையில்லை. பிழை வேறிடத்தில் உள்ளது. பிறந்த தேதி முதல் இரத்த வகை வரை தன்னைப் பற்றிய தாள்கள் அனைத்தையும் கேட்டவர்க்கெல்லாம் நீட்டிய இவர், எதிரே அமர்ந்திருந்தவரிடம் கேட்க வேண்டிய ஒரே தாளைக் கேட்கவில்லை. அது அவருடைய பதிவு உரிமம். இரண்டு லட்சத்தைத் துண்டுச் சீட்டுகூட இல்லாமல் எண்ணிக் கொடுத்த இவருக்கு, 275 ரூபாயில் இரண்டு ஆண்டுகளுக்குப் பத்து லட்சம் வரை விபத்துக் காப்பு தரும் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவைப் பற்றி எவரும் சொல்லவும் இல்லை.

எனவே இவ்வகையினர் வீட்டில் இருப்பின், வாசகர் அவரை நகைப்பதோடு நில்லாமல் மூன்று காரியங்கள் செய்விக்கலாம்: ஏஜென்டின் உரிம எண்ணைக் கேட்டு மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கச் செய்வது, கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்கச் செய்வது, 1978 முதல் தமிழக அரசு நடத்திவரும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பெயரைப் பதியச் செய்வது. உரிம எண்ணைக் கேட்டவுடன் ஏஜென்ட் கோபித்துக்கொண்டால், பாஸ்போர்ட்டை அன்றைக்கே திரும்ப வாங்கிவிடுவது நல்லது.