காந்தமும் கிடாவும்

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்க எங்கள் தாத்தா கூண்டு வண்டி கட்டித்தான் போவார். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற மணலில் மாட்டை அவிழ்த்துவிட்டு, பக்கத்திலேயே அடுப்பு மூட்டி, ராத்திரி வண்டிக்குள்ளேயே படுக்கை. அமெரிக்காக்காரன் காருக்குப் பின்னால் வீட்டைக் கட்டி இழுத்துப் போகிறான் என்று இப்போது வாயைப் பிளக்கிறோம். நாம் மாட்டுக்குப் பின்னால் கட்டினோம், அவ்வளவுதான்.

கூண்டு வண்டி போய் வீட்டுக்கு டிராக்டர் வந்தது. டிரைலர் இல்லை. போன ஆடிக்கு முன்னால் பழசாக ஒன்று வாங்குவதென்று முடிவாகி, சோதித்துப் பார்க்க மாமாவைக் கூப்பிட்டேன். கருவேல மரத்து வட்டையைத் தட்டிப் பார்த்தே வெடிப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுகிற ஆள். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் தூணைத் தட்டிப் பார்த்தவர்.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டறை. காலண்டர் அச்சடிக்கிற ஊர்க் காற்று பட்டதாலோ என்னவோ, டிரைலர் மகாலட்சுமி படம் மாதிரிப் பளபளத்தது. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. மாமாவுக்குப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிட்டது.

“பழைய வண்டிக்கு எதுக்கு மாப்ளே புதுப் பெயிண்டு?”

மடியிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். செத்துப்போன ரேடியோவின் ஸ்பீக்கரில் கழற்றியது. கீறல் விழாமலிருக்கத் துண்டு நுனியில் பொதிந்து பக்கத் தகட்டில் வைத்தார். கப்பென்று ஒட்டியது. அப்படியே நகர்த்திக்கொண்டு போனார். சக்கரத்துக்கு மேலே வந்ததும் பொத்தென்று விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. துரு தின்ற இடத்தில் கனமாகப் பட்டி பார்த்து, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

“காந்தம் பழசு அண்ணாச்சி” என்றார் விற்பவர்.

“டிரைலர்தான் புதுசாச்சே” என்றார் மாமா.

அடுத்தது டயர். அதன் பக்கவாட்டில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு வருஷம். எங்களுக்கு வாய்த்தது 1411. “என் பேத்திக்கே அக்கா இது” என்றார். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி ஆட்டினார், பேரிங் லொடலொடத்தது. டிராக்டரில் மாட்டுகிற வளையம் தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. டிரைலருக்கும் தனிப் பதிவெண் உண்டு என்பதால், ஆர்.சி.யை வாங்கி சேசிஸ் எண்ணோடு ஒத்துப் பார்த்தார். அது ஒன்றுதான் சரியாக இருந்தது.

அன்று ராத்திரி டெக்சாஸிலிருந்து மாமா பையன் வீடியோவில் வந்தான். படுக்கையும் சமையல்கட்டும் வைத்த டிரைலர் ஒன்றை அவனும் பழசில் பார்த்துக்கொண்டு நிற்கிறானாம். மாமா ஆயுசில் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. “மூலையில குதிகாலால அமுக்கிப் பாரு. பொதபொதன்னு இருந்தா திரும்பி வந்துரு. அலமாரியைத் திறந்து மோந்து பாரு.” அந்த வண்டிகளுக்குத் தண்ணீர்தான் எமன், கூரை இணைப்பில் கசிந்து, சுவருக்குள்ளே மரத்தை அழுகடித்துவிடும். அலமாரி நாறியதாம். அவன் வாங்கவில்லை.

நாங்கள் வாங்கினோம். குறை ஒவ்வொன்றுக்கும் விலையில் ஒரு வெட்டு போட்டு, மிச்சப்பட்ட காசில் பேரிங், டயர், வளையம் எல்லாம் மாற்றினோம்.

டிரைலரில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். அதனால் அண்டா, விறகு, நேர்த்திக்கடன் கிடா மூன்றும் டிரைலரில், குடும்பம் பஸ்ஸில். சாத்தூர் தாண்டுவதற்குள் டிரைவர் போன் போட்டார். ஒரு வேகத்தடையில் பின் கதவு திறந்துகொண்டதாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிடா மூன்றாவது வெள்ளரிக்காய்க் கூடையில் இருந்தது.

காந்தம் வைத்தோம், ஜாக்கி போட்டோம், நம்பர் ஒத்துப் பார்த்தோம். பின் கதவுக் கொக்கியை முட்டிப் பார்த்தது கிடா மட்டும்தான். வெள்ளரிக்காய்க்கு 300 ரூபாய் ஆனது. புதுக் கொக்கி 80 ரூபாய்.